கேட்டதையெல்லாம் வாசிக்கும் வயலின்கள்

ஒரு கீபோர்டும் கணினியும் இருந்தால், எண்பது பேர் சேர்ந்து வாசிப்பது போன்ற இசையை இன்று ஒருவரே அறைக்குள் உட்கார்ந்து உண்டாக்கிவிடலாம். அதற்கு உதவும் மென்பொருளைச் சாம்பிள் லைப்ரரி என்கிறார்கள். சிந்தசைசர் ஒலியை மின்சாரத்தில் உருவாக்கும். இது அப்படியல்ல. உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஸ்வரமும் நிஜக் கலைஞர் நிஜ வயலினில் வாசித்துப் பதிவானது. கட்டையை அழுத்தினால் அந்தப் பதிவு ஒலிக்கும்.

யோசனை பழசுதான். 1960-களில் இங்கிலாந்தில் வந்த மெலோட்ரான் என்ற கீபோர்டு கருவியில் கட்டைக்கு ஒரு டேப் துண்டு இருந்தது. சில விநாடிகளில் டேப் தீர்ந்தால் ஒலியும் நின்றுவிடும். பிறகு 1979-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து ஃபேர்லைட் என்ற கணினிக் கருவி வந்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' இசையிலிருந்து எடுத்த ஓர் அதிரடித் துண்டு அதில் இருந்தது. எண்பதுகளின் பாப் இசை அதை அலுக்கும் வரை பயன்படுத்தித் தீர்த்தது.

ஸ்வரங்களைப் பதிந்துவிட்டால் வேலை முடிந்ததா? வயலினை அழுத்தி வாசித்தால் சத்தம் மட்டும் கூடுவதில்லை, நாதத்தின் நிறமே மாறுகிறது. ஆகவே ஒரே ஸ்வரத்தை மென்மையாக, நடுத்தரமாக, ஓங்கி எனப் பல அடுக்குகளாகப் பதிய வேண்டும். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்; இத்துறையில் அதற்குப் பெயரே 'மெஷின் கன்'. அதைத் தவிர்க்க, ஒரே ஸ்வரத்தைப் பலமுறை வாசிக்கச் சொல்லிப் பதிந்து, மாற்றி மாற்றி ஒலிக்க விடுகிறார்கள்.

இதையெல்லாம்விடக் கடினமானது ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் அந்தக் கண இடைவெளி. செலோ கலைஞரான ஹெர்ப் டுக்மாண்ட்ல் தொடங்கிய வியன்னா சிம்பொனிக் லைப்ரரி இந்த வழுக்கலையே தனியாகப் பதிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாற்பது ஸ்வரங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு தாவல்கள் என்றால் ஏறத்தாழ ஆயிரம் பதிவுகள். அதுவும் ஒரே கருவிக்கு, ஒரே அழுத்தத்தில்!

இவ்வளவு இருந்தும் கட்டையை அழுத்தினால் மட்டும் வயலின் பேசிவிடாது. இடது கை கீபோர்டின் மாடுலேஷன் சக்கரத்தை ஏற்றி இறக்கி, வில்லின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். வழுக்கி வரும் ஸ்வரம் சற்றுத் தாமதமாகவே முழுமை பெறும் என்பதால், திரையில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னே இழுத்து வைக்க வேண்டும். இசை புரோகிராமர்களின் பொழுதில் பாதி இதிலேயே போகிறது.

பயன் பெரிது என்பதில் சந்தேகமில்லை. எழுதியதை அன்றே கேட்கலாம். இசைக்குழுவுக்குச் செலவு செய்யுமுன் இயக்குநருக்குப் போட்டுக் காட்டலாம். சிறு பட்ஜெட் படங்களுக்கோ பல நேரம் இதுவே இசைக்குழு. குறிப்பாக, வில்லைத் தட்டித் தட்டி வாசிக்கும் குறுஸ்வரங்கள் சாம்பிளில் அசலாகவே கேட்கும். அதிரடி டிரெய்லர்களில் வயலின்கள் எந்நேரமும் தகதகவென்று ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்பேன். எது நன்றாகக் கேட்கிறதோ அதைத்தானே கை எழுதும்!

என் பார்வையில் இதன் பெரிய குறை ஒலியில் இல்லை. எதற்குமே மறுப்புச் சொல்லாத பணிவில் இருக்கிறது. புல்லாங்குழலின் கீழ்ஸ்தாயி மெலிந்தது. நான்கு டிராம்போன்கள் முழங்கும்போது அது காதில் விழாது. மென்பொருளில் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்றினால் கேட்டுவிடும். ஹார்ப்பில் 47 தந்திகள், சுருதி மாற்ற 7 மிதிகள். கீபோர்டின் வெள்ளை, கறுப்புக் கட்டைகளை வரிசையாக ஓட்டும் வேகத்தில் மிதிகளை மாற்ற எந்தக் காலாலும் ஆகாது. சாம்பிள் ஹார்ப் அதையும் சிரமமில்லாமல் வாசிக்கும். ஓபோவுக்கு மூச்சு முட்டாது. பதினாறு வயலின்களின் பதிவில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு நொடியில் நாற்பத்தெட்டுப் பேர் ஆகிவிடுவார்கள். இதையே நம்பி எழுதிய நோட்டேஷனை நிஜக் கலைஞர்கள் முன் வைக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

கமகம் வந்தால் சிக்கல் வேறு. சுருதிச் சக்கரத்தை அசைத்தால் ஸ்வரத்தோடு அதில் பதிவான விரல் நடுக்கமும் கூடத்தின் எதிரொலியும் சேர்ந்தே வளைகின்றன. விரல் தந்தியில் இழையும் அசைவு அதில் வராது. அதனால் பின்னே சாம்பிள் வயலின்களைப் பரப்பிவிட்டு, மேலே ஒரே ஒரு வயலின் கலைஞரை அழைத்து வாசிக்க வைக்கிறார்கள். காது அந்த ஒருவரையே பிடித்துக்கொள்கிறது; பின்னால் இருக்கும் கூட்டத்தை யாரும் விசாரிப்பதில்லை.