திரையில் நின்ற எடை: பில் போடும் கம்ப்யூட்டரை நம்பும் முன்



படிக்கல்லும் கைத்தராசும் வைத்துத் தொழில் கற்றவர்கள் நாம். இன்று தராசிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. மூட்டையை வைத்ததும் எடை தானாகவே பில்லில் ஏறிவிடுகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வசதியால் நமக்கு ஏற்பட்ட ஒரு தலைகுனிவைச் சொன்னால் மற்றவர்களுக்கு உதவும் என்றே இதை எழுதுகிறோம்.

நம்மிடம் இருபது வருடமாகச் சரக்கு எடுக்கும் மளிகைக்காரர் ஒருவர் ஒருநாள் மாலை பில்லோடு வந்தார். "அண்ணாச்சி, தராசை மாத்திட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். உளுந்து 30 கிலோ 250 கிராம் என்று பில். அவர் கடையில் நிறுத்தால் 24 கிலோ 600 கிராம்தான். கிலோ 120 ரூபாய் வீதம் 678 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறோம்.

அன்றைய பில்களைப் புரட்டினோம். அடுத்தடுத்து மூன்று பில்லில் அதே 30.250! முதல் பில் சரி. மற்ற இரண்டும் தவறு. இருவருக்கும் அன்றே பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பணம் போனால் வரும். "அந்தக் கடையில் எடை குறைகிறது" என்ற பேச்சு கிளம்பினால் எதைக் கொடுத்து ஈடுகட்டுவது?

நடந்தது என்ன?

நமது பில் புரோகிராம் குரோம் பிரௌசரில் ஓடும் ஒரு பக்கம். அதை இயக்குவது ஜாவாஸ்கிரிப்ட். 1995-இல் வந்த மொழி அது. தராசு பேசுவதோ 1960-இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ். 232 முறையில். எடையை எழுத்து எழுத்தாக, வரிசையாக அனுப்பும். ஒரு வரி முழுதாக ஒரே தடவையில் வந்து சேரும் என்று நிச்சயமில்லை. பாதி இப்போது, மீதி அடுத்த நொடியில் என்றும் வரலாம்.

அப்படிப் பாதி வரி வந்தபோது, ஸ்கிரிப்ட் அதில் எடையைத் தேடிக் கிடைக்காமல் பிழை காட்டி நின்றுவிட்டது. ஆனால் திரையில் பழைய எடை அப்படியே இருந்தது. பில் பட்டனும் வேலை செய்தது. பையன் தராசைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பில் போட்டான். பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பழக்கிவிட்டது நாம்தானே!

என்ன செய்ய வேண்டும்?

1. தராசில் தெரியும் எடையும் திரையில் தெரியும் எடையும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் உடனே கைப்பில்லுக்கு மாறிவிடுங்கள். முத்திரை பதித்தது தராசுக்குத்தான், திரைக்கு அல்ல.

2. அவசரப்பட்டுப் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள். பிழைச் செய்தி அழிந்துவிடும். கீபோர்டில் எஃப் 12 பட்டனை அழுத்தி 'கன்சோல்' என்ற பகுதியைத் திறந்தால் பிழை சிவப்பு எழுத்தில் இருக்கும். ஓரத்தில் ஃபைலின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து புரோகிராம் எழுதியவருக்கு அனுப்புங்கள். பல பிழைகள் இருந்தால் முதலாவதுதான் முக்கியம்; மற்றவை அதன் பின்விளைவாக இருக்கலாம்.

3. எடைக்குப் பதில் புரியாத எழுத்துகள் வந்தால், தராசின் வேகமும் புரோகிராமில் கொடுத்த வேகமும் ஒன்றா என்று பாருங்கள். பல தராசுகளில் இது 9600 என்று இருக்கும்.

4. போர்ட் திறக்கவில்லை என்று வந்தால், அதே பக்கம் இன்னொரு டேபிலோ, வேறு புரோகிராமிலோ தராசைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அது இடம் கொடுக்கும்.

5. பிரௌசரே தராசோடு நேராகப் பேசும் வசதி குரோமில் 2021-இல், 89-ஆம் பதிப்பில் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் புதுப்பிக்க வேண்டும். இணையத்திலிருந்து திறக்கும் பக்கத்தின் முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்க வேண்டும். முதல் தடவை நாமே கிளிக் செய்து போர்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேட்டுப் பெற வேண்டியவை

நாம் புரோகிராம் எழுதிய தம்பியிடம் இரண்டு மாற்றங்கள் கேட்டு வாங்கினோம். ஒன்று, வரி முடியும் அடையாளம் வந்த பிறகே எடையை எடுக்க வேண்டும். அரைகுறை வரியை ஒதுக்கிவிட வேண்டும். இரண்டு, இரண்டு விநாடி புது எடை வராவிட்டால் திரையில் உள்ள எண் அழிய வேண்டும், பில் பட்டனும் பூட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது தினமும் கடை திறந்ததும் ஒரு சோதனை செய்கிறோம். 5 கிலோ படிக்கல்லை வைத்துத் திரையில் சரியாக வருகிறதா என்று பார்ப்போம். பிறகு கல்லை எடுக்காமலே வயரைப் பிடுங்குவோம். எண் மறைந்தால்தான் அன்று கம்ப்யூட்டர் பில், மறையாவிட்டால் கைப்பில்தான். ஒரு நிமிட வேலை.

அந்த மளிகைக்காரர் இன்றும் நம்மிடம்தான் வாங்குகிறார். ஆனால் மூட்டை ஏறும்போது திரையைப் பார்ப்பதில்லை, தராசைத்தான் பார்க்கிறார். நாமும் அப்படியே.