பளபளப்பைவிடக் குறிப்பே முக்கியம்
ஒரு காலத்தில் கடலாக இருந்த பெரம்பலூர் மாவட்டத்தின் காரைப் பகுதியில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சுறாப் பற்கள் புதைபடிவங்களாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பளபளப்பாக்க எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைப்பது தவறு என்பேன். பல்லின் மேற்பூச்சு கால்சியம் பாஸ்பேட் வகைக் கனிமம். அமிலம் அதை அரித்துவிடும். நன்னீரும் மென்மையான தூரிகையும் போதும். கழுவியபின் நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். கடும் வெயில் விரிசலை உண்டாக்கும். உதிரும் வேர்ப்பகுதிக்கு, அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 பிசின் வலுவூட்டும். தேவைப்பட்டால் அதை மீண்டும் கரைத்து நீக்கவும் இயலும். ஆயினும், கிடைத்த இடம், பாறை அடுக்கு, நாள் ஆகியவை எழுதி வைக்கப்படாத பல், எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், அறிவியலுக்கு ஊமைச் சாட்சியே எனக் கருதுகிறேன்.