இருதய வீட்டுக்குள் ஒரு குழல்

இருதயத்தைப் பூ என்றும் கல் என்றும் கவிகள் பாடிவிட்டார்கள். டாக்டருக்கோ அது நான்கு அறைகள் கொண்ட வீடு. கதவுகள் ஒழுங்காகச் சாத்துகின்றனவா, சுவர் தளர்ந்திருக்கிறதா, நடுச்சுவரில் ஓட்டை ஏதும் உண்டா என்று அவர் பார்த்தாக வேண்டும். சாதாரண எக்ஸ்ரேயில் ரத்தமும் சதையும் ஒரே நிழலாகத்தான் விழும். ஆகவே அயோடின் சேர்ந்த மருந்தை அறைக்குள் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். அந்த மருந்தைக் கொண்டு செல்லும் மெல்லிய குழல்தான் கதீட்டர்.

துணிந்த வாலிபர்

1929-ஆம் வருஷம், ஜெர்மனியில் எபர்ஸ்வால்ட் என்ற ஊர். கை நரம்பு வழியாக இருதயத்துக்கே குழலைச் செலுத்தலாம் என்றார் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர். மேலதிகாரி கூடாது என்று தடுத்துவிட்டார். கருவிகளின் பொறுப்பு கெர்டா டிட்சென் என்ற நர்ஸிடம் இருந்தது. "என் மேலேயே சோதனை செய்யுங்கள்" என்று அந்த அம்மாள் முன்வந்தாள். ஃபோர்ஸ்மான் அவளை மேஜையில் படுக்க வைத்துக் கட்டிவிட்டு, குழலைத் தம் கையிலேயே செலுத்திக்கொண்டார்! பிறகு இருவரும் எக்ஸ்ரே அறைக்கு நடந்தார்கள். குழலை 65 சென்டிமீட்டர் வரை தள்ளி, நுனி இருதயத்தில் நிற்பதைப் படமாக்கினார். 1956-இல் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இருவருடன் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எந்தக் குழல்?

எல்லாக் குழலும் எல்லா வேலைக்கும் ஆகாது. நம் வீட்டு நாழியில் தேன்குழலுக்கு ஓர் அச்சு, ஓமப்பொடிக்கு ஓர் அச்சு என்று வைத்திருக்கிறோம் அல்லவா? அதே சங்கதிதான் இங்கும்.

இடது கீழறையைப் படம் எடுக்கச் சுமார் 30 முதல் 40 மில்லி லிட்டர் மருந்தை மூன்று நான்கு விநாடிகளுக்குள் செலுத்த வேண்டும். நுனியில் ஒரே துளை உள்ள குழலானால், மருந்து பீச்சாங்குழல்போல் ஒரே இடத்தில் பாயும். குழல் பின்னுக்கு உதைக்கும், துடிப்பு தாறுமாறாகும், மருந்து இருதயச் சதைக்குள்ளேயே புகுந்துவிடவும் கூடும். இதைத் தவிர்க்கவே நுனி பன்றிவால்போல் சுருண்ட குழல் வந்தது. அதன் பக்கங்களில் பல துளைகள். பூவாளி நீர்போல் மருந்து பரவலாகச் சிதறும். சுருண்ட நுனி சுவரைக் குத்தாது.

வலது பக்கத்துக்கு, நுனியில் சிறு பலூன் கட்டிய குழலும் உண்டு. ரத்த ஓட்டமே அதைப் படகுபோல் இழுத்துச் செல்லும். பலூனில் பெரும்பாலும் கரியமில வாயு நிரப்புவார்கள். பலூன் வெடித்தாலும் அது ரத்தத்தில் சீக்கிரம் கரைந்துவிடும்.

பருமனா, மெல்லிசா?

குழலின் பருமனை 'பிரெஞ்சு' என்ற அளவால் சொல்வார்கள். ஒரு பிரெஞ்சு என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 6 பிரெஞ்சு என்றால் 2 மில்லிமீட்டர். மெல்லிய குழலானால் ரத்தக் குழாயில் போடும் துளை சிறியது. காயம் சீக்கிரம் ஆறும். ஆனால் உள்வாய் பாதியாகக் குறுகினால், அதே அழுத்தத்தில் பாயும் திரவம் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும்! படம் மங்கிப் போகும். ஆகவே காயம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று தராசு பிடித்துத்தான் டாக்டர் தேர்ந்தெடுக்கிறார். குழந்தைகளுக்கு மெல்லிய குழலும், எடைக்கேற்ற மருந்தளவும் வேண்டும்.

நீங்கள் சொல்ல வேண்டியவை

இப்போதெல்லாம் 'எக்கோ' என்ற ஒலி அலைப் படமே பெரும்பாலும் போதுமாகிவிடுகிறது. குழல்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் கலங்க வேண்டாம். மருந்து பாயும்போது உடம்பெல்லாம் சில விநாடி குப்பென்று சூடாகும், உடனே தணிந்துவிடும்.

ஆனால் முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா, சிறுநீரகக் கோளாறு உண்டா, நீரிழிவுக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கர்ப்பமாக இருக்கக்கூடுமா என்பவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழலைத் தேர்ந்தெடுப்பது டாக்டரின் பொறுப்பு. விவரத்தை மறைக்காமல் சொல்வது நம் பொறுப்பு.