பெண் விவசாயிக்கு எட்டாத கடன்

சின்னசேலம் வட்டாரத்தில் ஆடிப் பட்டம் தொடங்கிவிட்டால், மானாவாரிக் கொல்லைகளில் குனிந்து நிற்போரில் பெரும்பாலோர் பெண்களே. மக்காச்சோளம் ஊன்றுவது, களை எடுப்பது, பருத்தி பறிப்பது, மரவள்ளிக் கரணை நடுவது என எல்லாம் அவர்கள் கைவேலை. ஆனால், விவசாயிகள் கூட்டம் என்று அறிவிக்கப்பட்டால் முன்வரிசையில் அமர்பவர்கள் ஆண்கள். "விவசாயி" என்ற சொல்லுக்கு நாம் மனத்தில் வைத்திருக்கும் பொருள் அப்படி.

இப்பகுதியைச் சேர்ந்த நான்கு பெண்கள் அண்மையில் என்னைச் சந்தித்தனர். மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ரசாயன உரமின்றிச் சாமையும் துவரையும் உளுந்தும் பயிரிட வேண்டும் என்பது அவர்களின் திட்டம். பல ஆண்டுகளாகச் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. வங்கியில் கேட்கப்பட்டவை சிட்டா, அடங்கல், பட்டா. மூன்றும் அவர்கள் பெயரில் இல்லை. குழுக்கடன் மட்டும் தரலாம், மாதத் தவணையில் அடைக்க வேண்டும் என்றார்கள். அவர்களுள் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, மாசாமாசம் தவணை கட்டணும்னா, கொல்லையில மாசாமாசம் வெளையுமா?"

பொருளாதாரம் கற்பித்தே காலம் கழித்த எனக்கு, அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. நிலைத்த வேளாண்மையில் இறங்க விரும்பும் பெண்களுக்கு நிதி ஏன் சென்று சேர்வதில்லை என்பதை அந்த ஒரு கேள்வியே விளக்கிவிடுகிறது.

முதல் தடை, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடி நிலவுடைமைகளில் பெண்கள் பெயரில் இருந்தவை 13.96 சதவீதம் மட்டுமே. 2023-24ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்போ, ஊரகப் பெண் தொழிலாளர்களில் நால்வரில் மூவருக்கு மேல் வேளாண்மையில் இருப்பதாகக் கூறுகிறது. உழைப்புக்கும் உடைமைக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி.

சட்டம் இதற்குக் காரணமன்று. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்பதைத் தமிழ்நாடு 1989இலேயே சட்டமாக்கியது. நாடு முழுமைக்கும் அது 2005இல் வந்தது. ஆனால், சீர் செய்தாயிற்று என்ற பேச்சோடு, பிறந்த வீட்டு உறவு முறிந்துவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்து, மகள்களை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட வைக்கிறது. கல்வராயன் மலையில் நிலைமை வேறு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மணமானவர்களுக்கு வழங்கும் உரிமைப் பட்டாவில் கணவன், மனைவி இருவர் பெயரும் இடம்பெற வேண்டும் என்கிறது. பெண்ணுக்குப் பெயரளவில் உரிமை தரும் அந்த நிலத்தைப் பிறருக்கு மாற்ற இயலாது. எனவே, வங்கி அதைப் பிணையாக ஏற்காது.

இரண்டாவது தடை, காலம். ரசாயனத்துக்குப் பழகிய மண் ஒரே பட்டத்தில் மாறிவிடாது. இயற்கை விளைபொருள் என்று சான்று பெற, ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும் பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் மாற்றுக் காலமாகக் கொள்ளப்படுகின்றன. அக்காலத்தில் மகசூல் குறையக்கூடும். விளைந்ததையும் சாதாரண விலைக்கே விற்றாக வேண்டும். இலங்கை 2021ஆம் ஆண்டில் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, விளைச்சல் சரிந்து, சில மாதங்களிலேயே பின்வாங்கியதை நாம் அறிவோம். மாற்றத்துக்கு உரிய காலத்தையும் அக்காலத்துக்கு உரிய பணத்தையும் ஒதுக்காததன் விளைவு அது.

குழுக்கடனின் கணக்கை இதனோடு ஒப்பிடுவோம். 12 சதவீத வட்டியில் ரூ.50,000 வாங்கி 24 மாதங்களில் அடைப்பதானால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.2,350. நான்கு மாதப் பயிர் ஒன்று வீடு வந்து சேர்வதற்குள் ரூ.9,400 கட்டியாக வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? கூலி வேலையிலிருந்து வரும். இல்லையேல் இன்னொரு நுண்கடன் நிறுவனத்திடமிருந்து வரும். கறவை மாட்டுக்கும் பெட்டிக்கடைக்கும் பொருந்துகிற தவணை, மண்ணைத் திருத்தும் வேலைக்குப் பொருந்துவதில்லை.

இந்த இடத்தில்தான் உரக்கடை நுழைகிறது. அறுவடையில் தந்தால் போதும் என்று உரமும் பூச்சிமருந்தும் கடனாகக் கிடைக்கின்றன. தொழுவுரத்துக்கும் பஞ்சகவ்யத்துக்கும் அப்படிக் கடன் தரும் கடை எங்கும் இல்லை. அதாவது, ரசாயன வேளாண்மைக்குக் கடன் தானாகவே கிடைக்கிறது; இயற்கை வேளாண்மைக்குக் கடனைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. மானியமும் அப்படியே. 45 கிலோ யூரியா மூட்டை சுமார் ரூ.266-க்குக் கிடைக்கிறது என்றால், மீதி விலையை அரசு செலுத்துகிறது. மத்திய அரசின் உர மானியம் ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் கோடிக்கும் மேல். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கான மொத்த ஒதுக்கீடு ரூ.2,481 கோடி. முன்னது மூட்டையின் விலையிலேயே அடங்கியிருக்கிறது. பின்னதைப் பெற விண்ணப்பமும் ஆவணமும் வேண்டும்.

மூன்றாவது தடை, சந்தை. சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிற பெண்ணுக்கு, கரும்புக்கு ஆலை இருப்பதுபோல் உறுதியாக வாங்குவோர் யாரும் இல்லை.

உதவிகளே இல்லை என்று கூற மாட்டேன். நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் வேளாண் தொழிலாளர்கள் நிலம் வாங்க, தாட்கோ வழியாக 'நன்னிலம்' திட்டம் நடைமுறையில் உள்ளது. நிலத்தின் விலையில் பாதி, அதிகபட்சம் ரூ.5 லட்சம், மானியம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இல்லை. நன்செய் இரண்டரை ஏக்கர் அல்லது புன்செய் ஐந்து ஏக்கர் வரை வாங்கலாம். ரூ.10 லட்சம் வரையிலான சொத்து பெண் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை, 2025 ஏப்ரல் முதல் தரப்படுகிறது. பிணையின்றி வழங்கும் வேளாண் கடனின் வரம்பை ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் ரூ.2 லட்சமாக உயர்த்தியது. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனை உரிய காலத்தில் செலுத்தினால் தமிழ்நாட்டில் வட்டியில்லை. ஆனால், இவற்றை ஒன்றாகக் கோத்து, ஒரு பெண்ணை நிலத்திலிருந்து சந்தை வரை கொண்டுசெல்லும் ஏற்பாடு இல்லை. நிலம் தரும் துறை கடனைப் பார்ப்பதில்லை. கடன் தரும் வங்கி சந்தையைப் பார்ப்பதில்லை.

இயலும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981இல் தொடங்கிய 'லாப்டி' இயக்கம், கீழத் தஞ்சையில் நிலவுடைமையாளரிடம் பேசி, வங்கிக் கடனுக்கு வழிசெய்து, நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரிலேயே நிலத்தைப் பதிவு செய்து கொடுத்தது. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் தலித் பெண்கள், தரிசை மீட்டுச் சிறுதானியம் விளைவித்து, அதைத் தம் ஊரிலேயே மாற்றுப் பொது விநியோகமாக நடத்திக் காட்டினர். கேரளத்தின் குடும்பஸ்ரீ, நிலமற்ற பெண்களைக் கூட்டுப் பொறுப்புக் குழுக்களாக்கிக் குத்தகை நிலத்தில் பயிர் செய்ய வைத்தது. அக்குழுக்களை ஆராய்ந்த பொருளியலாளர் பீனா அகர்வால், அவற்றின் விளைச்சல் மதிப்பும் நிகர வருவாயும் பெரும்பாலும் ஆண்களால் நடத்தப்படும் தனிக் குடும்பப் பண்ணைகளைவிட மேலாக இருந்ததை 2018இல் வெளியான கட்டுரையில் காட்டினார். உள்ளாட்சியின் துணை, பயிற்சி, குழுவுக்கேற்ற கடன் ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இதைத் தொடங்க நான்கு நடவடிக்கைகள் போதும்.

ஒன்று, சாகுபடிச் சான்று. நிலம் யாருடையதாயினும், பயிர் செய்பவர் இவர் என்று கிராம சபை உறுதி செய்து தரும் சான்றை வங்கிகள் ஏற்க வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் முன்வைத்த மகளிர் விவசாயிகள் உரிமை மசோதா இதைத்தான் கோரியது, அது காலாவதியாகிவிட்டது. ஆந்திரம் 2019இல் சட்டமியற்றி, நில உரிமையாளரின் உரிமை பாதிக்கப்படாமல், குத்தகைதாரருக்குப் பதினொரு மாதச் சாகுபடி அட்டை வழங்குகிறது.

இரண்டு, பயிரோடு ஒத்துப்போகும் தவணை. குழுக்கடனின் ஒரு பகுதியையாவது அறுவடைத் தவணையாக மாற்றலாம். மாற்றுக் காலத்தின் முதலாண்டில் வட்டி மட்டும் வாங்கலாம்.

மூன்று, மாற்றுக் காலத்தில் ஏக்கருக்கு இவ்வளவு என்று நேரடி உதவித்தொகை. அது பட்டாதாரருக்கு அல்லாமல், சாகுபடிச் சான்று வைத்திருப்பவருக்குச் செல்ல வேண்டும்.

நான்கு, உறுதியான கொள்முதல். நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கும் திட்டம் 2023இல் தொடங்கியது. கல்வராயன் மலையின் கேழ்வரகையும் சாமையையும் இம்மாவட்டத்தின் விடுதிகளுக்கும் சத்துணவு மையங்களுக்கும் வாங்கலாம்.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். பெண் பெயரைக் காட்டி ஆண்களே சலுகையை அனுபவிப்பார்கள் என்பார்கள். அது நடக்கக்கூடியதே. தனிப் பெண்ணின் பெயரைப் பயன்படுத்துவது எளிது. ஐந்து பெண்கள் கூட்டாகப் பயிர் செய்து, கூட்டாகக் கணக்கு வைத்திருக்கும்போது அது கடினம். கிராம சபையில் வெளிப்படையாக வாசிக்கப்படும் சான்று அதை இன்னும் கடினமாக்கும்.

2026ஆம் ஆண்டைச் சர்வதேசப் பெண் விவசாயிகள் ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது. விழாக்களும் விருதுகளும் நடக்கட்டும், தவறில்லை. என்னைச் சந்தித்த நால்வர் கேட்பது அவற்றை அல்ல. அவர்கள் மானியம்கூடக் கேட்கவில்லை; விளையும்வரை பொறுக்கிற கடனைத்தான் கேட்டார்கள். அதைத் தர இயலாத ஒரு நிதி அமைப்பு, தவணை தவறாத அவர்களை நம்பத்தகாதவர்கள் என்று கருதுவது எவ்வகையில் நியாயம்?