பிள்ளைகள் பாட்டுக் கட்டட்டும்

கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கோ பிறந்த நாளுக்கோ பிள்ளைக்கு ஒரு சிறு கீபோர்டு வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் காணப்படுகிறது. முதல் சில வாரங்கள் வீடெங்கும் ஓசை நிறைந்திருக்கும். பிறகு படிப்புச் சுமை குறுக்கிடும். விரற்பயிற்சி சலிப்புத் தட்டும். கருவி துணி போர்த்திக்கொண்டு பீரோவின்மேல் ஏறிவிடும். "பணந்தான் வீணாயிற்று" என்பார் தந்தை. "எனக்கு இசை வராது" என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளும் பிள்ளை. பணம் போனது சிறு இழப்பே. பிள்ளை எழுதிக்கொண்ட தீர்ப்போ வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடக் கூடியது.

அந்தப் பிள்ளை உண்மையில் விரும்பியது என்ன? பிறர் எழுதி வைத்ததைப் பிழையின்றி வாசித்துத் தேர்வில் தேறுவது மட்டுமன்று. தானே பாட வேண்டும். பாடும்போது தானே வாசிக்க வேண்டும். இயலுமாயின் தானே ஒரு பாட்டுக் கட்ட வேண்டும். இவ்விருப்பத்திற்கு ஏற்ற எளிய வழி ஒன்று உண்டு. மேனாட்டு மெல்லிசைப் பாடலாசிரியர் பலர் நடந்து சென்ற வழி அது. சுரங்களை ஒவ்வொன்றாக மட்டும் வாசியாமல், மூன்று சுரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்து, அவ்வொலியின்மேல் பாடும் வழி. 'கார்ட்' என்று அவர்கள் அழைப்பதை நாம் இங்கே சுரக்கூட்டு என்போம்.

லிவர்பூலில் ஒரு வீடு

இங்கிலாந்து நாட்டின் லிவர்பூல் நகரில் ஜிம் மெக்கார்ட்னி என்பவர் பருத்தி வாணிபத்தில் விற்பனையாளராகப் பணிபுரிந்தார். இளமையில் சிறு இசைக்குழு ஒன்றை நடத்தியவர். டிரம்பெட்டும் பியானோவும் வாசிப்பார். இசையை முறையாகப் பயின்றவரல்லர். செவியே அவருக்கு ஆசான். அவருடைய மனைவி மேரி, செவிலித் தொழில் புரிந்தவர்; அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர். இவர்களுடைய மூத்த மகன் பால் 1942-ஆம் ஆண்டு பிறந்தார். தாயின் மறையில் ஞானஸ்நானம் பெற்றார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி இவரே.

வீட்டில் பியானோ ஒன்று இருந்தது. தமக்குக் கற்பிக்குமாறு மகன் வேண்டியபோது, தாம் முறைப்படி கற்றவரல்லர் என்பதால் ஆசிரியர் ஒருவரிடம் செல்லுமாறு தந்தை கூறினார். மகன் சென்றார், அப்பயிற்சி நீடிக்கவில்லை. ஆனால் வீட்டில் நடந்த பயிற்சி நின்றுவிடவில்லை. பாட்டு ஒலிக்கும்போது அடிச்சுரம் எவ்வாறு நடக்கிறது என்று தந்தை சுட்டிக்காட்டுவார். ஒருவர் பாட, மற்றவர் வேறு சுரத்தில் இணைந்து பாடும் முறையையும் புதல்வர்களுக்குப் பழக்கினார். அவர் கற்பித்தது வாசிக்கும் கலையை அன்று, கேட்கும் கலையை. கட்டைகளின்மேல் சுரக்கூட்டுகளைத் தேடிக் காணும் வேலையை மகனே செய்துகொண்டார். இசைக் குறியீடுகளைப் படிக்கவோ எழுதவோ தமக்குத் தெரியாது என்று அவரே பலமுறை கூறியிருக்கிறார்.

1956 அக்டோபர் இறுதியில் அவ்வீட்டில் பேரிடி விழுந்தது. மார்பகப் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை பெற்ற மேரி உயிர் நீத்தார். அப்போது பாலுக்கு வயது 14. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், பீட்டில்ஸ் குழுவினரிடையே மனத்தாங்கல் மிகுந்திருந்த காலத்தில், இறந்த தாய் கனவில் தோன்றித் தம்மைத் தேற்றியதாக அவர் கூறியுள்ளார். அக்கனவிலிருந்து பிறந்ததே 1970-ல் வெளிவந்த 'லெட் இட் பி' என்னும் பாடல். அதில் வரும் அன்னையைத் தேவதாயாகவே கருதியோர் உலகெங்கும் பலர். தம்மைப் பெற்ற தாயை நினைத்தே எழுதியதாகச் சொல்லும் மெக்கார்ட்னி, அவ்வாறு கருதுவோரையும் மறுப்பதில்லை.

ஒரு மகனின் இழப்பையும் ஆறுதலையும் சுமந்து நிற்கும் அப்பாடல், பியானோவில் எத்தனை சுரக்கூட்டுகளை நம்பி நடக்கிறது? அடிப்படையில் நான்கே நான்கு!

கை அறிய வேண்டுவன

அந்த நான்கையும் நம் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்கலாம். பியானோவாயினும் கீபோர்டாயினும் கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாக அணி வகுத்திருக்கும். இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில், அவற்றிற்கு இடப்புறத்தை ஒட்டியுள்ள வெள்ளைக் கட்டையே நம் பாடகர் சொல்லும் 'ஒரு கட்டை'ச் சுருதி. அதை ச என்று கொண்டு, வெள்ளைக் கட்டைகளை மட்டும் வலப்புறமாக வாசித்தால் ச, ரி, க, ம, ப, த, நி என்று சங்கராபரணத்தின் சுரங்கள் கிடைக்கும்.

இப்போது ஒரு கட்டையை விட்டு ஒரு கட்டை அழுத்த வேண்டும். ச, க, ப ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தினால் முதற் கூட்டு. ப, நி, ரி இரண்டாவது. த, ச, க மூன்றாவது. ம, த, ச நான்காவது. ஒவ்வொரு கூட்டையும் அதன் முதற் சுரத்தின் பெயரால் ச-கூட்டு, ப-கூட்டு, த-கூட்டு, ம-கூட்டு என்று அழைப்போம்.

இவற்றுள் த-கூட்டு மட்டும் சற்றே சோகமாக ஒலிப்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். காரணம் எளிது. ச-விலிருந்து கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து மேல்நோக்கி எண்ணினால், க நான்காவது கட்டை, ப ஏழாவது. த-விலிருந்து அவ்வாறே எண்ணினால், ச மூன்றாவது கட்டையாகவே வருகிறது; க ஏழாவது. நடுச்சுரம் ஒரு கட்டை தாழ்ந்ததனால் கூட்டின் முகமே மாறிவிடுகிறது. முன்னதை மேனாட்டார் மேஜர் என்றும் பின்னதை மைனர் என்றும் அழைப்பர்.

கையை ஒவ்வொரு முறையும் தூக்கித் தொலைவில் வைக்கத் தேவையில்லை. ச, க, ப என்று வைத்த கையில் ப-வை அப்படியே விட்டு, மற்ற இரண்டையும் ஒரு படி இறக்கினால் நி, ரி, ப; அதுவே ப-கூட்டு. அடுத்து மூன்று விரல்களும் ஒரு படி ஏறினால் ச, க, த, அதுவே த-கூட்டு. பின்னர் க-வை மட்டும் ம-வுக்கு நகர்த்தினால் ச, ம, த; அதுவே ம-கூட்டு. மீண்டும் ச-வை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் இறக்கினால் புறப்பட்ட வீட்டிற்கே வந்து சேரலாம். வலக்கை இவ்வாறு ஓரிடத்திலேயே அமர்ந்திருக்க, இடக்கை ஒற்றை விரலால் கீழ் ஸ்தாயியில் ச, ப, த, ம என்று அடிச்சுரத்தை ஊன்றினால் போதும். கூட்டு ஒன்றுக்கு நான்கு தட்டு. மெதுவாக, தாளம் பிசகாமல், நாளும் கால் மணி நேரம். சின்னாட்களில் கை பழகிவிடும். பாடுவதற்கு வாய் விடுதலை பெறும்.

கீபோர்டு வாங்க வசதியில்லாதோர் மனந்தளர வேண்டுவதில்லை. கோவில் ஆர்மோனியத்தில் இடக்கை துருத்தியை இயக்க, வலக்கையின் மூன்று விரல்கள் இதே கூட்டுகளை வாசிக்கலாம்.

பாட்டு பிறக்கும் விதம்

இதன் பிறகுதான் உண்மையான இன்பம் தொடங்குகிறது. ச என்ற ஒரே சுரத்தை நீட்டிப் பாடிக்கொண்டே, கையில் ச-கூட்டு, ம-கூட்டு, த-கூட்டு என்று மாற்றிப் பாருங்கள். மூன்றிலும் ச உண்டு. ஆயினும் பாடும் சுரம் மாறாதிருக்கையிலேயே அதன் பொருள் மாறுகிறது. முதலில் வீட்டில் அமர்ந்திருப்பது போன்ற அமைதி. அடுத்து வாயிற்கதவு திறந்தது போன்ற விரிவு. பிறகு யாரையோ நினைத்து ஏங்குவது போன்ற கனிவு. சொல்லுக்கு ஏற்ற நிறத்தைத் தேர்ந்துகொள்வதே பாடலாசிரியரின் வேலை.

மெட்டமைக்கும்போது, தட்டு அழுத்தமாக விழும் இடத்தில் அந்தக் கூட்டிலுள்ள சுரங்களில் ஒன்றைப் பாடுவது நன்று. இடைப்பட்ட சுரங்கள் வழிப்போக்கரைப் போல வந்து செல்லலாம். ப-கூட்டில் நிறுத்தினால் பாட்டு இன்னும் முடியவில்லை என்று செவி சொல்லும். அதிலுள்ள நி, ச-வை நோக்கிச் சாய்ந்து நிற்பதே காரணம். ம-கூட்டிலிருந்து ச-கூட்டிற்கு வந்தால் மெல்லிய நிறைவு கிட்டும். மேனாட்டுக் கோவில் பாடல்களின் இறுதியில் 'ஆமென்' என்று பாடும்போது கேட்பது இதுவே.

நம் இசை ஒற்றை வரிசையாகச் செல்லும் இராக இசையாயிற்றே, கூட்டுகள் அதற்குப் பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். சுரத்தை அசைத்துக் கமகத்தோடு பாடும் இராகங்கள் பலவற்றிற்கு இக்கூட்டுகள் இடையூறாகவே அமையும். அவற்றை அப்படியே விட்டுவிடுவது மேல். சங்கராபரணத்தின் சாயலில் எளிமையாகச் செல்லும் மெட்டுகளுக்கு அவை நன்கு துணை நிற்கும். தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்ற இளையராஜா அவர்களின் திரையிசை வாயிலாக இவ்வொலி தமிழ்ச் செவிகளுக்கு முன்னரே பழக்கமானதுதான்.

சொல்லுக்கு என்ன செய்வது? பெரிய தத்துவம் வேண்டா. நோயுற்ற பாட்டி, ஊர் மாறிச் சென்ற தோழன், தேர்வுக்கு முந்திய இரவு என உண்மையாக மனத்தைத் தொட்ட ஒன்று போதும். அதைப் பற்றித் தான் பேசும் பேச்சிலேயே நான்கு வரிகள் எழுதட்டும். திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றும் வரியே பல்லவி. எஞ்சியவை சரணம்.

கற்றோர் துணை

கூட்டுகள் நான்கு தெரிந்துவிட்டால் ஆசிரியர் வேண்டா என்று எவரும் எண்ணிவிடலாகாது. மெக்கார்ட்னிக்குக் கனவிலே ஒரு மெட்டு கிடைத்தது. விழித்ததும் கட்டிலருகே இருந்த பியானோவில் அதற்குரிய கூட்டுகளைத் தேடிக் கண்டார். 1965-ல் அது 'எஸ்டர்டே' என்னும் பாடலாக ஒலிப்பதிவு செய்யப்பட்டபோது, வயலின் முதலிய நான்கு நரம்புக் கருவிகள் அதற்குத் துணை செய்தன. அக்கருவியாளர் வாசிப்பதற்கான குறியீடுகளை எழுதியவர் ஜார்ஜ் மார்ட்டின். இலண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியில் முறையாகப் பயின்றவர் அவர். கேள்வியால் கற்றவரும் ஏட்டால் கற்றவரும் ஒருவரையொருவர் மதித்ததனாலேயே அப்பாடல் அவ்வடிவம் பெற்றது. ஆகவே கூட்டுகளால் தொடங்கிய பிள்ளை, ஆர்வம் முற்றியபின் குறியீடுகளையும் கற்பது பெரும் பயன் தரும். அப்போது பயிற்சி சுமையாகத் தோன்றாது. தன் பாட்டை எழுதி வைக்க உதவும் கருவியாகவே தோன்றும்.

பங்குப் பாடற்குழுவில் சேர விரும்பும் இளைஞர்க்கு மேலும் ஒரு சொல். 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குழலிசைப் பேழையாம் ஆர்கனைப் பெரிதும் போற்றுகிறது. தூய வழிபாட்டிற்குத் தகுதியுடைய பிற கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கிறது. மக்களின் சொந்த இசை மரபுகளுக்கு மதிப்பளிக்கச் சொல்கிறது. பாடலின் சொற்கள் திருமறைப் போதனைக்கு இயைந்தவையாய், சிறப்பாக மறைநூலிலிருந்தும் வழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவையாய் இருக்க வேண்டும் என்கிறது. எனவே வீட்டுத் திண்ணையில் கட்டிய பாட்டெல்லாம் பீடத்தருகே பாடத்தக்கது ஆகிவிடாது. திண்ணைக்குரியது திண்ணையில் அழகு. கோவிலுக்குரியதைப் பங்குக் குருவானவரிடம் காட்டி, கலந்து பேசிப் பாடுவதே முறை.

பெற்றோரின் பங்கு

பெற்றோர் செய்யத்தக்கவை அரியவை அல்ல. கருவியை உறையிலிட்டு உயரத்தில் வைக்காதீர்கள். பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில், எல்லாரும் புழங்கும் அறையில் வையுங்கள். தேர்வில் பெற்ற சான்றிதழை மட்டும் கேளாதீர்கள், "இன்று என்ன வாசித்தாய்?" என்று கேளுங்கள். முதற் பாட்டைக் கேட்டு நகைக்க வேண்டா. அது பெரும்பாலும் எங்கோ கேட்ட பாட்டின் சாயலாகவே இருக்கும். பேச்சுக் கற்கும் குழந்தையும் கேட்ட சொல்லைத்தானே முதலில் சொல்கிறது? பாட்டு முடியும் வரை அமர்ந்து கேளுங்கள். உங்களுக்கு இசை தெரியாதாயினும் அது ஒரு குறையன்று.

வளரும் பருவத்துப் பிள்ளைகள் துயரத்தை எளிதில் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டில் ஒரு மரணம், நட்பில் ஒரு முறிவு, தேர்வில் ஒரு தோல்வி எனப் பலவற்றை நெஞ்சிலே பூட்டி வைத்துக்கொண்டு, கேட்டால் "ஒன்றுமில்லை" என்று நழுவிவிடுவர். அத்தகைய பிள்ளை ஒருநாள் மாலை கீபோர்டின் முன் அமர்ந்து, த-கூட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து ஏதோ முணுமுணுக்கக் கூடும். அப்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சற்றுச் செவி சாயுங்கள். பல நாட்களாக உங்களிடம் சொல்லத் தெரியாதிருந்ததை அது அங்கே சொல்லிக் கொண்டிருக்கலாம்.