கடல் கடந்த எண்ணொழுங்கு: கியூபாவில் யொருபா வழிபாட்டு நெறி

ஏட்டின் துணையின்றி மாந்தரின் நினைவையும் கையையும் செவியையுமே கொள்கலமாகக் கொண்டு, தலைமுறைதோறும் கைமாறிவரும் அறிவுத் தொகுதியை வாய்மொழிக் கருவூலம் என்று வரையறுக்கலாம். அது மூன்று உறுப்புகளால் ஆனது: கையாளப்படும் பொருள், வழங்கப்படும் பெயர், இவ்விரண்டையும் நிரல்படுத்தும் ஒழுங்கு. பொருள் அழியலாம், பெயர் திரியலாம், ஒழுங்கு நிலைக்குமாயின் கருவூலமும் நிலைக்கும். இக்கோட்பாட்டிற்குத் தலைசிறந்த சான்றாக விளங்குவது, மேற்கு ஆப்பிரிக்க யொருபா மக்களின் வழிபாட்டு நெறி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கியூபாத் தீவில் வேரூன்றிய வரலாறாகும்.

16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்கர் அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 1.07 கோடிப் பேரே அமெரிக்கக் கரைகளில் உயிருடன் இறங்கினர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓயோப் பேரரசு சிதைந்து போர்கள் மூண்டபோது, சிறைபிடிக்கப்பட்ட யொருபா மக்கள் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிரேசிலின் பாகியாப் பகுதிக்கும் பெருந்தொகையினராகக் கொண்டுசெல்லப்பட்டனர். கியூபாவில் லுக்குமி என்றும் பிரேசிலில் நாகோ என்றும் அழைக்கப்பெற்ற அவர்களுக்கு, கியூபாவில் 1886ஆம் ஆண்டும் பிரேசிலில் 1888ஆம் ஆண்டுமே அடிமைத்தளை அறுந்தது. உடைமையனைத்தும் பறிக்கப்பட்ட அம்மக்கள் தம் நெறியைக் காத்த வழிகளை மாற்றீடு, இணையீடு, எண்ணீடு என மூவகைப்படுத்தலாம்.

மாற்றீடு என்பது, கிட்டாத பொருளின் இடத்தில் அதன் பணியை ஆற்றவல்ல வேறொரு பொருளை அமர்த்துதல். யொருபா நாட்டில் இரோக்கோ என்னும் பெருமரம் இறைமை உறையும் மரமாகப் போற்றப்படுவது. அதன் இடத்தைக் கியூபாவில் இலவமரமும் பிரேசிலில் ஆலின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரமும் பெற்றன. செடியியல் வகைப்பாட்டில் இரோக்கோவும் ஆலினமும் ஒரே குடும்பத்தன; இலவமரமோ வேறு குடும்பத்தது. எனினும் இம்மூன்றும் ஓங்கிய உயரமும் நெடிய வாழ்நாளும் பரந்த நிழலும் உடையவை என்னும் பண்பால் ஒன்றுபட்டவை. இடம்பெயர்ந்தோர் மரத்தின் பெயரைத் தேடாமல் மரத்தின் பண்பைத் தேடினர்.

இணையீடு என்பது, இருவேறு நெறிகளின் உறுப்புகளைப் பொதுப்பண்பு கருதி ஒன்றோடொன்று பொருத்துதல். கத்தோலிக்கம் ஒன்றே ஒப்புதல் பெற்றிருந்த கியூபாவில், ஆப்பிரிக்கர் தத்தம் பிறப்புக்குடி வாரியாகக் கபில்தோ என்னும் மன்றங்களை அமைத்துக்கொள்ள ஆட்சியாளர் இசைந்தனர். ஒவ்வொரு மன்றமும் ஒரு கிறித்தவத் தூயரின் பெயர் தாங்கியது. அப்பெயரின் நிழலில் ஒரிச்சா எனப்படும் யொருபா இறைமைகள் வழிபடப்பட்டன. இடிக்கும் செந்நிறத்திற்கும் உரிய சாங்கோ, செவ்வாடை உடுத்தி வாளேந்தி, மின்னலிலிருந்து காப்பவராகக் கருதப்பட்ட தூய பார்பராவுடன் இணைக்கப்பட்டார். கடலுக்குரிய யெமாயா, அவானா வளைகுடாவின் காவலியாகிய ரெக்லா அன்னையுடன் இணைக்கப்பட்டார். நோய்க்குரிய பபலூ ஆயே, ஊன்றுகோல் ஏந்திய தூய லாசரசுடன் இணைக்கப்பட்டார். இதனை அச்சத்தால் இட்ட திரை என்று மட்டும் கொள்ளுதல் குறைநோக்காகும். பண்பு நோக்கிப் பொருத்தும் வகைப்பாட்டறிவு இதனுள் முறையாக இயங்குகிறது.

இம்மூன்று வழிகளுள் மிகவும் நுண்ணியது எண்ணீடு, அதாவது அறிவை எண்ணால் நிரல்படுத்துதல். எளிய வடிவிலிருந்து தொடங்குவோம். இறைமையிடம் விடை கேட்பதற்கு யொருபா நாட்டில் கோலாக் கொட்டை எறியப்படும். கியூபாவில் அதன் இடத்தைத் தேங்காய்த் துண்டுகள் நான்கு பெற்றன. ஒவ்வொரு துண்டும் வெண்பருப்பு மேலாகவோ கருந்தோல் மேலாகவோ விழும். நான்கும் வெண்மையாயின் அலாபியா, மூன்றாயின் எத்தாவா, இரண்டாயின் எயெயிபே, ஒன்றாயின் ஒக்கானா, ஒன்றுமில்லையாயின் ஒயேக்குன். இரு பக்கங்களும் விழும் வாய்ப்பு ஒத்ததெனக் கொண்டால், இவ்வைந்தின் நிகழ்தகவுகள் முறையே பதினாறில் 1, 4, 6, 4, 1 ஆகும். வெண்மையும் கருமையும் நிகராக நிற்கும் எயெயிபேவையே உறுதியான உடன்பாட்டு விடையாக இம்மரபு கொள்கிறது. நிகழ்தகவு மிக்கதும் அதுவே. எத்தாவா விழுந்தால் விடை உறுதிப்படவில்லையெனக் கொண்டு மீண்டும் எறிவர்.

இதனினும் விரிந்தது இஃபா என்னும் குறிகாண் முறை. பபலாவோ எனப்படும் குறியறிஞர் எண்ணெய்ப்பனைக் கொட்டைகள் பதினாறை ஒரு கையில் வைத்து மறுகையால் அள்ளுவார். ஒன்று எஞ்சினால், பலகையில் பரப்பிய பொடியின்மேல் இரண்டு கோடுகள். இரண்டு எஞ்சினால் ஒரு கோடு. வேறெவ்வாறு எஞ்சினும் அந்த அள்ளல் கணக்கில் சேராது. இவ்வாறு எட்டு முறை பொறித்து, நான்கு நான்காக இரு நிரல்கள் அமைப்பார். ஒரு நிரலுக்குரிய வடிவங்கள் 16. இரு நிரல்களும் சேர்ந்த வடிவங்கள் 16 பெருக்கல் 16, அதாவது 256. இரு நிரலும் ஒத்த 16 வடிவங்கள் முதன்மையானவை. எஞ்சிய 240 கலப்பு வடிவங்கள். ஒன்று, இரண்டு என்னும் இரு நிலைகளை மட்டுமே கொண்டு பெருந்தொகையை நிரல்படுத்தும் இம்முறை, எட்டு இலக்க இரும எண்முறையே ஆகும்.

ஒவ்வொரு வடிவத்திற்கும் உரிய பாடல்களும் கதைகளும் பல. வடிவம் முகவரி, பாடல் அதன் உள்ளீடு. ஒரு முகவரிக்குரிய பாடல் மறந்துபோனாலும், அம்முகவரி வெறுமையாய் நிற்பது புலப்படும். புலப்படவே, அதனை வேறோர் ஆசானிடம் கேட்டு நிரப்புதல் இயலும். ஒழுங்கில்லாத நினைவில் மறதி தன் சுவட்டையும் விட்டுவைப்பதில்லை. ஒழுங்குற்ற நினைவிலோ மறதியும் கணக்கிடப்படுகிறது. யொருபா நாட்டில் இரோசுன் எனப்படும் வடிவத்தின் பெயர் கியூபாவில் இரோசோ ஆயிற்று; ஒவோன்ரின் ஒகுவானி ஆயிற்று; ஒக்கன்ரன் ஒக்கானா ஆயிற்று. பெயரின் ஒலி இவ்வாறு திரிந்தபோதும் கோடுகளின் அமைப்புத் திரியவில்லை. கியூபாவில் எழுத்தறிந்தோர் பின்னாளில் இவற்றைக் கையேடுகளில் பதிந்தபோது, புதிய பகுப்பு முறை எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இஃபாவின் நிரலே ஏட்டின் நிரலாயிற்று.

இவ்வொழுங்கு செவிப்புலத்திலும் நிலைத்தது. இயா, இதோத்தெலே, ஒக்கோன்கொலோ என்னும் மூன்று பத்தா முழவுகள், பக்கத்திற்கு ஒன்றாக ஆறு தோல்முகங்கள் உடையன. யொருபா மொழி ஒலியின் ஏற்ற இறக்கத்தால் பொருள் வேறுபடும் மொழி. அவ்வேற்ற இறக்கத்தை இம்முழவுகள் போன்மை செய்கின்றன. நாள்தோறும் பேசும் மொழி இசுப்பானியமாக மாறிய பின்னரும், ஒவ்வோர் ஒரிச்சாவுக்கும் உரிய தாளக்கட்டு முழவர் கைகளில் நிலைபெற்றது. பாடலின்றி முழவே முழங்கும் தொடக்க வழிபாடு எலெகுவா என்னும் ஒரிச்சாவை முன்னிறுத்தி இன்றும் உரிய நிரலில் நிகழ்கிறது.

நெடுங்காலம் இழிக்கப்பட்ட இவ்வழிபாடுகள் காலம் தாழ்ந்தேனும் ஒப்புதல் பெற்றன. பாகியாவின் காசா பிராங்கா வழிபாட்டு மனையைப் பிரேசில் அரசு 1984இல் நாட்டு மரபுச் சின்னமாக ஏற்றது. லுக்குமி வழிபாட்டினரின் உரிமையை 1993இல் அமெரிக்க உச்ச அறமன்றம் நிலைநாட்டியது. 2005இல் இஃபாவை மாந்தகுலத்தின் வாய்மொழி மரபுச் சிறப்புகளுள் ஒன்றாக யுனெசுகோ அறிவித்தது. எனினும் ஒப்புதல் வேறு, அறிதல் வேறு. குருட்டு நம்பிக்கை என்று இந்நெறியை ஒதுக்குவோர், முதலில் அதன் கணக்கை வகுத்துப் பார்த்தல் வேண்டும். எழுதுகோல் மறுக்கப்பட்ட மக்கள் எண்ணையே எழுத்தாக்கிக்கொண்ட திறம் அறிவியலின் ஆய்வுக்கு உரியது. அவ்வாய்வைத் தொடர்வதற்கு வேண்டிய நிரல், வடிவம், முகவரி, நிகழ்தகவு என்னும் கருவிகள் அனைத்தும் தமிழில் நிறைவாக உள்ளன. அவற்றைக் கையிலெடுத்தல் நம் கடன்.