மயில் துத்தம்: பயிருக்கு மருந்து, கண்ணுக்கும் குடலுக்கும் நஞ்சு

மழைக்காலம் நெருங்கினால் தென்னை, பாக்கு, மிளகு, எலுமிச்சை, திராட்சை வைத்திருக்கும் விவசாயிகள் கடையில் தேடும் முக்கியமான பொருள் மயில் துத்தம். காப்பர் சல்பேட் என்று கேட்டாலும் கிடைப்பது இதே நீலப் படிகம்தான். தண்ணீரில் எளிதில் கரையும், பூஞ்சாண நோய்களை நன்றாகக் கட்டுப்படுத்தும், பல தலைமுறையாகப் பழகிய பொருள். இந்தப் பழக்கம்தான் பிரச்சினையும்கூட. புதிதாக வந்த பூச்சிக்கொல்லி என்றால் புட்டியில் உள்ள நச்சுக் குறியீட்டைப் பார்த்துக் கையுறை தேடுபவர்கள், மயில் துத்தத்தை வெறும் கையால் அள்ளி, கையை விட்டே கலக்குகிறார்கள். "இயற்கை விவசாயத்திலேயே அனுமதி இருக்கே, இதுல என்னங்க விஷம்?" என்று பயிற்சிக்கு வருபவர்கள் கேட்பதும் உண்டு. அனுமதி இருப்பது உண்மை. ஆனால் அது கட்டுப்பாட்டுடன் கூடிய அனுமதி. நஞ்சு இல்லை என்பதற்கான சான்றிதழ் அல்ல.

போர்டோ கலவை பிறந்த கதையிலேயே இதற்கான பாடம் இருக்கிறது. பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில் சாலையோரத் திராட்சைகள் திருடு போவதைத் தடுக்க, விவசாயிகள் மயில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிகளில் தெளித்து வந்தார்கள். நீலம் படிந்த பழத்தைப் பார்த்தால் வழிப்போக்கர்கள் பயந்து தொடமாட்டார்கள். 1882ஆம் ஆண்டு தாவரவியல் பேராசிரியர் மில்லர்டே அந்தக் கொடிகளில் அடிச்சாம்பல் நோய் குறைவாக இருப்பதைக் கவனித்தார். ஆய்வு செய்து 1885இல் கலவை முறையை வெளியிட்டார். திருடனுக்கு இருந்த அந்தப் பயத்தில் கொஞ்சமாவது நமக்கும் இருக்க வேண்டும்.

சுண்ணாம்பு எதற்கு?

மயில் துத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு தாமிரம். பூஞ்சாணத்தைக் கொல்வது அந்தத் தாமிரம்தான். ஆனால் மயில் துத்தக் கரைசல் அமிலத் தன்மை உடையது. அதை அப்படியே தெளித்தால் இலை கருகிவிடும். நம் கண், தோல், குடல் எல்லாவற்றையும் அது அதேபோல் அரிக்கும். சுண்ணாம்பு சேரும்போது அமிலம் முறிகிறது. தாமிரமும் எளிதில் கரையாத வடிவத்துக்கு மாறி இலையில் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கிறது. ஆகவே அதிக ஆபத்தான நேரம், படிகத்தைப் பையிலிருந்து எடுப்பது முதல் சுண்ணாம்பு நீருடன் சேர்ப்பது வரை உள்ள நேரம்தான். கலவையாகிவிட்டால் அரிக்கும் தன்மை குறையும். ஆனாலும் விழுங்கினால் அதுவும் நஞ்சுதான்.

கலக்கும்போது

1 சதவீத போர்டோ கலவைக்கு 1 கிலோ மயில் துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் தேவை. 10 லிட்டர் மட்டும் போதும் என்றால் இரண்டிலும் 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கையுறை, கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி, முகக்கவசம், முழுக்கைச் சட்டை அணிந்த பிறகே பையைப் பிரியுங்கள்.

2. படிகத்தை இடித்துப் பொடியாக்க வேண்டாம். அந்தத் தூசிதான் கண்ணிலும் மூக்கிலும் போகும். துணியில் மூட்டையாகக் கட்டி, 50 லிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் முங்கும்படி இரவே தொங்கவிடுங்கள். கரைந்த நீர் கனமாக இருப்பதால் கீழே இறங்கும். கலக்காமலே காலைக்குள் கரைந்துவிடும். தொட்டியை மூடி வையுங்கள். குழந்தைகளும் ஆடு மாடுகளும் நெருங்காத இடமாக இருக்கட்டும்.

3. பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் மட்டுமே பயன்படுத்துங்கள். இரும்பு வாளியிலும் தகரத் தொட்டியிலும் ஊற்றினால் கரைசல் உலோகத்தை அரித்துவிடும். கரைசலில் உள்ள தாமிரமும் வாளியில் படிந்து வீணாகும்.

4. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் மயில் துத்தத்தைவிட மோசம். தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு, முகத்தைத் தள்ளி வைத்து நீற்றுங்கள். நன்றாக ஆறிய பிறகு வடிகட்டி, மீதித் தண்ணீரையும் சேர்த்து 50 லிட்டராக்குங்கள்.

5. மயில் துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் மெதுவாக ஊற்றி, மரக்குச்சியால் கலக்கிக்கொண்டே இருங்கள். சுண்ணாம்பு நீரை மயில் துத்தத்தில் ஊற்றக் கூடாது.

6. பளபளப்பான இரும்புக் கத்தியைக் கலவையில் சில நிமிடங்கள் அமிழ்த்தி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். படியாமல் இருக்கும் வரை சுண்ணாம்பு நீரைச் சேருங்கள். இந்தச் சோதனையைத் தவறவிட்டால் இலை கருகுவதோடு தெளிப்பவரின் தோலும் பாதிக்கப்படும்.

அன்று கலந்ததை அன்றே தெளித்துவிட வேண்டும். மற்ற பூச்சிமருந்துகளை இதோடு சேர்க்க வேண்டாம். வாங்கும்போது படிகத்தின் நிறத்தையும் பாருங்கள். பச்சை கலந்து தெரிந்தால் அன்னபேதி கலந்திருக்க வாய்ப்பு உண்டு. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் நீர்ச்சத்து போயிருக்கிறது என்று பொருள். கெட்டுப்போனது அல்ல. ஆனால் அந்த வெண்பொடி எளிதில் பறக்கும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

தெளிக்கும்போது

பாக்கு, தென்னை போன்ற உயரமான மரங்களில் மருந்து மேலிருந்து சொட்டும். அண்ணாந்து பார்ப்பவரின் கண்ணுக்குத்தான் முதல் ஆபத்து. எனவே கண்ணாடி இல்லாமல் மரத்தடியில் யாரும் நிற்க வேண்டாம். குழாய் பிடிக்க உதவிக்கு வரும் பெண்களுக்கும் அதே பாதுகாப்பைக் கொடுங்கள். காற்றுக்கு எதிராகத் தெளிக்காதீர்கள். பல ஆண்டுகள் முகக்கவசம் இல்லாமல் இந்தக் கலவையைத் தெளித்த திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வந்ததை 1969இல் போர்ச்சுகல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேலையின் நடுவே பீடி, வெற்றிலை, சாப்பாடு எதுவும் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள்.

ஆடுகளை மறந்துவிடாதீர்கள்

தாமிரத்தைத் தாங்கும் சக்தி செம்மறியாட்டுக்கு மற்ற கால்நடைகளைவிட மிகக் குறைவு. மருந்து படிந்த புல்லைத் தொடர்ந்து மேய்ந்தால் தாமிரம் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வெளியே எதுவும் தெரியாது. ஒருநாள் அது திடீரென்று ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, ஓரிரு நாளில் ஆடு இறந்துவிடும். நேற்று வரை நன்றாக இருந்த ஆடு என்பதால், பாம்பு கடித்திருக்கும் என்று நினைத்துவிடுவோம். ஆகவே தெளித்த தோப்பில், நல்ல மழை பெய்து புதுப்புல் முளைக்கும் வரை செம்மறியை மேயவிடாதீர்கள். கிடை போடவும் இடம் கொடுக்காதீர்கள்.

குளம்பு அழுகலுக்கு மயில் துத்தத் தண்ணீரில் ஆடுகளை நடக்க விடும்போதும் இதே கவனம் தேவை. முதலில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டு அதன் பிறகு தொட்டியில் இறக்குங்கள். தாகத்தோடு வரும் ஆடு அதையே குடித்துவிடும்.

குளம், கிணறு, மண்

மீன்களுக்குத் தாமிரம் கடும் நஞ்சு. தெளிப்பானைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலிலோ குளத்திலோ விடாதீர்கள். நீர்நிலைக்குத் தள்ளி, தெளித்த மரங்களின் அடியிலேயே பரவலாக ஊற்றுங்கள். படிகம் கீழே சிந்தினால் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். ஈர மணலைத் தூவிக் கூட்டி எடுத்து, அந்த இடத்தில் நீற்றிய சுண்ணாம்பைத் தூவுங்கள்.

தாமிரம் மக்கிப் போகும் பொருளல்ல. போட்ட தாமிரம் மேல்மண்ணிலேயே தங்கும். மண்புழுவும் டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் பூஞ்சாணங்களும் அதனால் குறையும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நாமும் நோய் வருவதற்கு வாய்ப்புள்ள பருவத்தில், பரிந்துரைத்த அளவில் மட்டும் பயன்படுத்தினால் போதும். "எதற்கும் இன்னொரு முறை" என்று தெளிப்பது மண்ணுக்குத்தான் சுமை.

வைத்திருக்கும் முறை

மயில் துத்தத்தின் நீல நிறம் குழந்தைகளுக்குக் கற்கண்டுபோலத் தெரியும். மிட்டாய் டப்பாவிலோ, ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ, தண்ணீர் பாட்டிலிலோ வைக்கவே கூடாது. கடையில் கொடுத்த உறையிலேயே, பெயர் தெரியும்படி, பூட்டிய பெட்டியில், தவிடு தீவனத்திலிருந்து தள்ளி வையுங்கள். காலிப் பையில் தானியம் போடாதீர்கள். புண்ணுக்கும் மருவுக்கும் இதைக் குழைத்துப் பூசும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பட்டுவிட்டால், விழுங்கிவிட்டால்

கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். கழுவியதும் கண் மருத்துவரிடம் போங்கள். எரிச்சல் நின்றுவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். தோலில் பட்டால் உடனே துணியை மாற்றி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே 108க்கு அழையுங்கள். உப்புக் கரைசல் கொடுத்தோ, விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தி தானாகவே வரும். அது நீலப் பச்சையாக இருக்கலாம். புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு போன்ற எதையும் கொடுக்காதீர்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். மயில் துத்தப் பையை மறக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வாந்தி நின்றதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது. ரத்தச் சிவப்பணு உடைவதும், ஈரல், சிறுநீரகம் பாதிப்பதும் ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். உடலில் சேர்ந்த தாமிரத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றைக் கொடுக்க மருத்துவருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை நாம் வீணாக்கக் கூடாது.

நல்ல மருந்து என்பதால்தான் போர்டோ கலவை இத்தனை ஆண்டுகளாக நம் தோப்புகளில் நிற்கிறது. அடுத்த முறை மயில் துத்தம் வாங்கும்போது அதோடு ஒரு ஜோடி கையுறையும் கண்ணாடியும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.